சான்றுக்கு முந்திய நம்பிக்கை

சான்று கிடைக்கும் முன்பே ஒன்றை நம்புவது அறிவுக்குப் புறம்பானதா, அல்லது சில வகை அறிவுக்கு அதுவே நுழைவாயிலா என்பது சமயத் தத்துவத்தின் தீராத வழக்குகளில் ஒன்று. போதிய சான்றின்றி நம்புவது அறத்துக்கே மாறானது என்று ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபோர்டு 1877இல் வாதிட, சில உண்மைகள் நம்புபவருக்கே கைகூடும் என்று அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் மறுமொழி கூறினார். கடவுளைப் பற்றியதாகவே பேசப்படும் இவ்வழக்கு, பனிச்சறுக்குப் பழகத் தொடங்குபவரின் உடலிலும் நிகழ்கிறது.

காஷ்மீரில் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க்கிற்கு வார இறுதியில் நண்பர்களுடன் வந்து, முதன்முறையாகச் சறுக்குப்பலகைகளைப் பூட்டிக்கொள்பவர், பலகை நகரத் தொடங்கியதும் பள்ளத்துக்கு அஞ்சித் தம்மையறியாமல் பின்னோக்கிச் சாய்கிறார். அவ்வாறு சாய்ந்ததும் உடலின் எடை குதிகாலுக்குப் போய்விட, பலகைகளின் முன்பகுதி பனியைப் பற்றாமல், திருப்பவும் நிறுத்தவும் இயலாத நிலை ஏற்படுகிறது. பயிற்றுநர் சொல்வதோ இதற்கு நேர்மாறானது: முழங்காலை மடக்கி, காலின் முன்புறம் காலணியை அழுத்துமாறு, எந்தப் பள்ளத்தைக் கண்டு அஞ்சுகிறாரோ அதை நோக்கியே முன்சாய வேண்டும்.

இந்த அறிவுரை சரியென்பதற்கான நேரடிச் சான்று முன்சாய்ந்த பிறகே கிடைக்கிறது. முன்சாய்வதற்கோ அதற்கு முன்பே நம்பிக்கை வேண்டியிருக்கிறது. அரைமனத்துடன் சாய்பவருக்குப் பலகை கட்டுப்படாததால், தம் ஐயமே விளைவித்த தோல்வியை அவர் அறிவுரைக்கு எதிரான சான்றாகக் கொள்ளவும் கூடும். மலையில் சிக்கி, தாவினால் மட்டுமே தப்ப முடியும் என்ற நிலையிலுள்ள ஒருவரை ஜேம்ஸ் எடுத்துக்காட்டினார். தாவ முடியும் என்று நம்புபவரின் கால்களுக்கே அதற்கான வலு வரும் என்பது அவர் கருத்து.

எனினும், நம்பிக்கை மாற்றுவது சறுக்குபவரின் உடலைத்தானே தவிர, சரிவின் கோணத்தையோ பனியின் இறுக்கத்தையோ அல்ல. பழுதான கப்பலைப் பற்றித் தமக்கு எழுந்த ஐயங்களை அடக்கிக்கொண்டு, மனமார நம்பியே அதைக் கடலுக்கு அனுப்பிய முதலாளியைக் கிளிஃபோர்டு குற்றவாளி என்றதை இங்கே நினைக்கலாம். கொண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியில் புதியவரை அஃபர்வத் மலையின் மேற்சரிவுகளுக்கு அழைத்துச் செல்லும் நண்பரும் அத்தகைய நம்பிக்கை உடையவரே. அப்படியானால் யாருடைய சொல்லை நம்புவது? ஒரு பொருளை நேரில் அறிந்து, அறிந்தவாறே பிறருக்கு உணர்த்த விரும்புபவரே ஆப்தர், அதாவது நம்பத்தக்க உரையாளர் என்று நியாயம் என்னும் இந்தியத் தருக்க மரபின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் வரையறுத்து, முனிவருக்கும் மிலேச்சர் எனப்பட்ட அயலாருக்கும் இவ்விலக்கணம் பொது என்றார். இவ்வளவுகோலின்படி நண்பரிடம் நல்லெண்ணம் உண்டு; அந்தச் சரிவு தம் உடலுக்கு எப்படிப்பட்டது என்ற அறிவும் உண்டு; பழகாத உடலுக்கு அது எப்படிப்பட்டது என்ற அறிவே இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆஸ்திரியாவின் ஆர்ல்பர்க் பகுதியில் ஹன்னெஸ் ஷ்னைடர் வகுத்த பயிற்றுமுறை, இச்சிக்கலுக்கு நடைமுறையில் ஒரு விடை தந்தது. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, உள்விளிம்புகளால் பனியைத் தேய்த்து வேகம் குறைக்கும் கலப்பை நிலையை முதலில் கற்பித்து, அது கைவந்த பின்னரே திருப்பங்களுக்குச் செல்வது அம்முறை. ஒவ்வொரு கட்டத்திலும் நம்பிக்கை சான்றைவிட ஓரடி மட்டுமே முந்திச் செல்வதோடு, தாழ்ந்த சரிவில் விழுந்தாலும் பெரும்பாலும் எழுந்துவிடலாம் என்பதால், தவறான நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலையும் சிறிதாகிறது.

திருக்கோயில் தொண்டாகிய சரியை, வழிபாடாகிய கிரியை, யோகம், ஞானம் எனச் சைவ சித்தாந்தம் வகுக்கும் நெறியிலும் இத்தகைய படிமுறை உண்டு. ஆனால் சரிவில் சில நொடிகளில் வெளிப்படும் சான்று, சமய வாழ்வில் வாழ்நாள் முழுதும் வெளிப்படாமலே போகலாம். அந்தக் காத்திருப்பு நீள நீள, நம்பச் சொல்பவரின் பொறுப்பும் கூடுகிறது: சான்றுக்கு முன்பே நம்புமாறு கேட்கும் உரிமை, நம்பியவர் ஒரு படியில் நின்று ஐயுறவும், தேவையானால் திரும்பிச் செல்லவும் இடம் தரும் ஆசிரியருக்கே உண்டு.