மறைத்த ஆயுதமும் மனச்சாட்சியும்



நம்மவரில் பலர் இந்நாட்டில் மளிகைக் கடை, பெட்ரோல் நிலையம், மோட்டல் என்று தொழில் நடத்துகிறார்கள். இரவு கடையைப் பூட்டிவிட்டு, அன்றைய வசூலை ஏ.டி.எம்.மில் கட்டச் செல்பவர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வது தகுமா?

சட்டத்தைக் கேட்டால் மாநிலத்துக்கு ஒரு பதில் வருகிறது. மிச்சிகன் மாநிலம் வங்கிக்குள் துப்பாக்கியைத் தடுக்கிறது. ஆனால் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் பெற்றவருக்கு அத்தடை இல்லை. இல்லினாயில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையாளர் வாசலில் 4 அங்குலத்துக்கு 6 அங்குல அறிவிப்பு ஒட்டிவிட்டால் உரிமம் உள்ளவரும் உள்ளே கொண்டுசெல்லக் கூடாது. கலிபோர்னியா, 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வர இயற்றிய சட்டத்தில், வங்கிகளையும் வழிபாட்டுத் தலங்களையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. அவ்விரு இடங்களிலும் அச்சட்டத்தை நிறுத்திவைத்த கீழ்நீதிமன்ற உத்தரவு சரியே என்று, அவ்வாண்டு செப்டம்பரில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. நாட்டின் ஆரம்ப நாட்களிலேயே வங்கிகள் இருந்தும், இத்தகைய தடை அன்று இருந்ததற்குச் சான்று இல்லை என்பது காரணம். ஆயினும் வங்கி தானே "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையை அத்தீர்ப்பு பறிக்கவில்லை.

அஞ்சுகிறவரை நாம் பழிக்க முடியாது. ஏ.டி.எம். முன்னே காவலாளி இல்லை. கையில் பணம், முதுகுக்குப் பின்னால் இருண்ட தெரு. உதவி வரும்வரை அவர் தனியாள்தான்.

வங்கிக்குள் நிலைமை வேறு. அங்கே வரிசையில் மூதாட்டி நிற்கிறார்; குழந்தையோடு தாய் நிற்கிறார். கொள்ளையன் வந்தால் எதிர்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடும்படியே ஊழியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். பணத்துக்குக் காப்புறுதி உண்டு. போன உயிர் திரும்பாது. அந்நேரம் வாடிக்கையாளர் ஒருவர் துப்பாக்கியை உருவினால், அங்குள்ள அனைவரின் உயிரையும் அவர்களைக் கேளாமலே பணயம் வைக்கிறார். எண்ணம் நல்லதாயினும் அந்த அதிகாரத்தை அவருக்கு யார் தந்தார்கள்?

இன்னொன்றையும் எண்ண வேண்டும். மறைத்து வைத்த ஆயுதம் பிறர் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலான வங்கி வாசல்களில் சோதனையும் இல்லை. ஆகவே கதவில் ஒட்டிய அறிவிப்பு, படிப்பவரின் நேர்மையை நம்பியே நிற்கிறது. பிடிபடமாட்டோம் என்று அதைக் கடந்து செல்பவர், தம்மை நம்பியவரை ஏமாற்றுகிறார். அறிவிப்பு பிடிக்காவிட்டால் மேலாளரிடம் சொல்லலாம், வேறு வங்கிக்குப் போகலாம். பகலில் துணையோடு சென்றும் பணம் கட்டலாம்.

நம் கோயில் வாசலுக்கும் இது பொருந்தும். நிர்வாகக் குழு எந்த முடிவெடுத்தாலும், அதைக் காப்பது உள்ளே வருபவரின் மனச்சாட்சியே. தம்மைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கும் அதே உரிமை உண்டு என்பதை இளைஞர்களுக்கு வீட்டிலேயே எடுத்துச் சொல்வோமாக.