ஆராய்வோரும் ஆராயப்படுவோரும்

ஒருவரிடம் பொருள் வாங்குமுன் அவர் எத்தகையவர் என்று ஆராய்வது வணிகத்தின் முதற்பாடம். வள்ளுவரும் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். பழங்கால வணிகன் சரக்கைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்தான். இக்காலப் பெருநிறுவனமோ சரக்கோடு நில்லாது, அதைச் செய்தளிப்பவரின் தொழிற்கூடத்தையும், தொழிலாளர் உறங்கும் விடுதியையும் ஆராய்ந்து மதிப்பெண் இடுகின்றது. போற்றத்தக்க முறையே. ஆயினும், ஆராய்ந்துவிட்டோம் என்ற மனநிறைவு வாங்குவோரின் பொறுப்பைத் தீர்த்துவிடுமா?

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கராச்சி நகரின் அலி எண்டர்பிரைசஸ் என்னும் ஆடைத் தொழிற்சாலை, தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ 8000 என்ற அனைத்துலகச் சான்றிதழைப் பெற்றது. அடுத்த மாதம் 11ஆம் நாள் அங்கே தீப்பற்றியது. சன்னல்களில் கம்பிகள், வெளியேறும் வழிகளில் பூட்டுகள். 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சான்றளித்த இத்தாலிய நிறுவனம் உள்ளூர் நிறுவனம் ஒன்றைக் கொண்டே ஆய்வை நடத்தியிருந்தது. ஆய்வுக் கட்டணத்தை ஆராயப்படுவோரே செலுத்துவது இத்தொழிலில் பரவலான வழக்கம். தேர்வெழுதும் மாணவனே தேர்வாளருக்குச் சம்பளம் கொடுத்தால் அத்தேர்வை எவர் நம்புவர்?

கராச்சி தொலைவில் உள்ளது என்று நாம் அமைதி கொள்வதற்கில்லை. 2020 ஜூலையில், பெருந்தொற்றால் உலகமே கையுறைக்குத் தவித்த வேளையில், நம் மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனத்தின் இரு துணை நிறுவனங்கள் அனுப்பிய கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள், வேலைக்காக முகவர்களுக்குப் பெருந்தொகை கொடுத்துக் கடனில் மூழ்கியிருந்தனர். நிறுவனம் 13 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது.

அதற்கு முன்பும் கையுறைத் தொழிற்சாலைகளுக்கு ஆய்வாளர்கள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தனர். தரையின் தூய்மையும் தீயணைப்புக் கருவியும் கண்ணுக்குப் படும். கடனோ எங்கோ ஒரு மலைக்கிராமத்தில், வட்டிக்காரன் ஏட்டில் பிறந்தது. நம் முன்னோருக்கு இது புதிதன்று. ஒப்பந்தக் கூலிகளாக வந்தோரின் கப்பற்செலவு, தோட்டத்தில் அவர்கள் கால் வைக்குமுன்னரே கணக்கில் ஏறியிருந்தது. அம்முறை 1910இல் ஒழிந்தது. விளைபொருளைப் பார்த்து அக்கடனைக் கண்டுபிடித்திருக்க எவராலும் இயலாது.

ஆள் சேர்க்கும் செலவை யாரேனும் ஏற்றாக வேண்டும். வாங்குவோர் ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்கின்றார். அச்சுமை படிப்படியாக இறங்கி, மறுத்துப் பேச இயலாதவன் தோளில் வந்து அமர்கின்றது. (வழங்குவோர் அனைவரும் ஏழைகள் என்று கூற வரவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் கையுறை முதலாளிகள் ஈட்டிய இலாபத்தை ஊரே அறியும். விலையைக் காரணம் காட்டி அவர்கள் தப்ப இயலாது.) எனினும், அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு, பின்னர் "உம் தொழிலாளர் நலமா?" என்று வினாத்தாள் அனுப்புவோரை நாம் எவ்வகையில் சேர்ப்பது?

அவ்வினாத்தாள்கள் பல பக்கங்கள் நீள்கின்றன. ஊதியம், மிகைநேர வேலை, கடப்பிதழ் யார் கையில் உள்ளது என எல்லாம் கேட்கப்படுகின்றன, கேட்கப்பட வேண்டியவையே. ஆனால், சென்ற ஆண்டு கொடுத்த விலை என்ன, எத்தனை நாள் தவணையில் சரக்குக் கேட்கப்பட்டது, பணம் எந்த மாதம் வந்து சேர்ந்தது என்று தொழிற்சாலை திருப்பிக் கேட்பதற்குப் பெரும்பாலும் அவற்றில் இடம் விடப்படுவதில்லை.