தாலியும் தஸ்தாவேஜும்

கடல் கடந்து சென்று ஒரு பெண்ணை மணந்து வந்த ஆடவன், அவளைத் தன்னிடம் வரவழைத்தற்குரிய பத்திரங்களை எழுதாது காலந்தாழ்த்துவானாயின், அது வெறுஞ் சோம்பலா, அன்றி அவளுக்கு இழைக்கும் துரோகமா? இக்கேள்வி நமக்கு ஏதோ ஒரு நீதிநூலைப் படித்ததால் எழுந்ததன்று. ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஒரு வீட்டு மேஜையின் இழுப்பறையைக் கண்டபோது எழுந்தது.

அவ்வீட்டு இளைஞர் நமக்கு நெடுநாட் பழக்கமானவர். பட்டணத்து ஆலையில் வேலை. பதினான்கு மாதங்களுக்கு முன் தஞ்சைப் பக்கத்தில் உறவுப் பெண்ணை மணந்து, இருபது நாளில் திரும்பினார். "மனைவியார் எப்போது வருகிறார், தம்பி?" என்று நாம் கேட்கும்போதெல்லாம், "சர்க்கார் இழுத்தடிக்கிறது, ஐயா" என்பதே விடை. நாமும் நம்பினோம், சர்க்காரைக் குறை கூறுதல் நம்மவர்க்கு எளிதாயிற்றே! ஆனால் சென்ற மாதம் அவருடைய தாயார் அந்த இழுப்பறையைத் திறந்து காட்டினார். மனுப் பத்திரங்கள் மடிப்புக் கலையாமல் கிடந்தன. சர்க்காரிடம் எதுவுமே போய்ச் சேரவில்லை.

இளைஞர் கெட்டவரல்லர். மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். இரவுதோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார். "இதில் அவளுக்கு என்ன குறை, ஐயா?" என்றும் கேட்டார். நாம் சொல்வது இதுதான்: பேசுவது அவருக்கும் இன்பம், ஆதலால் அதில் தியாகம் ஒன்றுமில்லை. விடுப்புக் கேட்டு, கச்சேரி வாயிலில் வரிசையில் நின்று, ஒரு முத்திரை குறைகிறது என்று திருப்பப்பட்டு, மீண்டும் போய் நிற்பதில் இன்பம் யாதுமில்லை. பிரிந்திருக்கும் தம்பதிகளின் அன்பு அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

நம் முன்னோர் இப்பிரிவை அறியாதவரல்லர். கங்காணியோடு வந்த ஆடவர் பலர் மனைவியை ஊரில் விட்டே வந்தனர். 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில், ஊர்க் கடிதமே நின்றுபோயிற்று. 1953 ஆகஸ்டு முதல் தேதி மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து வாயிலை நெருக்கிற்று. 1969-இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டுமென்றானபோது, குடியுரிமைக்கு மனுச் செய்யாதவரும், செய்தும் பெறாதவருமாகப் பல்லாயிரவர் கப்பலேறினர். ஒரே குடும்பம் இரு கரைகளிலும் பிரிந்தது. சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் முதியோர் இன்றும் நம்மிடையே உண்டு. காகிதத்தை அலட்சியம் செய்வதன் விலை யாதென்பதை வேறெவரையும்விட நாம் நன்கறிவோம். அறிந்தும் செய்கிறோம்!

நிற்க. இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. மனைவி இங்கு வந்து சேர்ந்த பின்னரும், அவள் தங்கும் அனுமதி அவள் சொந்தமன்று. அதற்குப் பொறுப்பாளி கணவன்; புதுப்பிக்கும் காலத்தில் அவன் கையொப்பம் வேண்டும். "சொன்னபடி கேளாவிட்டால் கையெழுத்திடேன்" என்று மிரட்டும் கணவர்களைப்பற்றி நாம் கேள்வியுற்றிருக்கிறோம். ஊரில் பெற்றோரையும் பழகிய தெருவையும் விட்டு வந்தவள், அவ்வொரு சொல்லுக்கு அஞ்சி அடங்கிக் கிடக்கிறாள். தாலியை விலங்காக்கினர் என்று பழையோரை மேடையேறிக் கண்டிக்கும் நாம், அனுமதிச் சீட்டை விலங்காக்கலாமோ? இழுப்பறையில் பத்திரத்தைப் பூட்டி வைப்பவனும் இவனுக்குத் தூரத்து உறவினன்தான். இவ்விருவரும் மனைவியின் வருகையையும் இருப்பையும் தாம் அளிக்கும் தானமாகக் கருதுகின்றனர். அது தானமன்று, கடன். கடன்பட்டவன் தவணை சொல்லலாம். தயாளன் போல் நடிக்கலாகாது.

குற்றம் முழுவதும் ஆடவர் தலையில் என்று நாம் கூறவில்லை. சட்டத்தின் ஓரவஞ்சனையும் உண்டு. மலேசிய அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, குடிமகனை மணந்த அயல்நாட்டு மனைவி, இரண்டாண்டு வாசம் முதலிய நிபந்தனைகளுடன் குடியுரிமைக்கு மனுச் செய்ய இடந்தருகிறது. குடிமகளை மணந்த அயல்நாட்டுக் கணவனுக்கு அத்தகைய பிரிவு கிடையாது. சிங்கப்பூரிலோ, 'வொர்க் பெர்மிட்' பெற்றுக் கட்டடம் கட்டும் நம் சகோதரர், ஊரிலுள்ள மனைவியைத் தம்மோடு குடியமர்த்த வழியே இல்லை. மாதம் 6,000 வெள்ளியேனும் பெறும் மேல்நிலை அனுமதியாளர்க்கே அவ்வுரிமை. பிரிவுத் துயர் சம்பளத்துக்குத் தக்கபடியா வருகிறது? அச்சகோதரர் மீது நம் குற்றச்சாட்டு சிறிதும் செல்லாது. வழியிருந்தும் நடவாதவனையே நாம் கேட்கிறோம்.

போலி மணங்கள் நடப்பதால் சர்க்கார் சான்று கேட்பது நியாயமே. மணப்பந்தலில் ஆயிரம் பேர் கண்டார்களே என்றால், அந்த ஆயிரம் பேரும் கச்சேரிக்கு வரமாட்டார்கள். பதிவு வேண்டும் என்பது நம் சீர்திருத்தத் தோழர்களின் பழைய வற்புறுத்தல்தான். சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றாக, தமிழகத்தில் 1967-இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் 1961-இன் மாதர் சாசனமும், மலேசியாவில் 1982 மார்ச்சு முதல் நடப்பிலுள்ள திருமணச் சட்டமும் பதிவைக் கட்டாயமாக்கின. தமிழகத்தின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் தொண்ணூறு நாட் கெடு வைத்தது. வெளிநாட்டில் மணந்த மலேசியர் ஆறு மாதத்துக்குள் தம் நாட்டுப் பதிவிலும் ஏற்ற வேண்டும். நம் இளைஞர் அந்த ஆறு மாதத்தையும் கடத்திவிட்டார். இனித் தாமதத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். என்ன எழுதுவார்?

சென்ற ஞாயிறன்று அவருடன் அமர்ந்து அப்பத்திரங்களை விரித்தோம். நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதுவதில் உள்ள தொல்லையை வாசகர் அறிவர்: ஓரிடத்தில் தகப்பனார் பெயர் முழுமையாக, ஓரிடத்தில் தலையெழுத்து மட்டும், மற்றோரிடத்தில் 'லட்சுமி' வேறு கோலத்தில். அப்பெண்ணின் கடவுச்சீட்டிலும் மணப்பதிவிலும் பெயர் மாறுபட்டிருக்கும் என்றே அஞ்சினோம். ஆனால் இரண்டிலும் ஓரெழுத்தும் பிசகவில்லை. முதலிற் பிழையிருந்ததாம். அவள் பேருந்தேறி மும்முறை சார்பதிவாளர் கச்சேரிக்கு நடந்து, திருத்தி வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். உறையின் மேலிருந்த தபால் முத்திரை ஏழு மாதத்துக்கு முற்பட்டது. மனுவிலும் அவள் நிரப்ப வேண்டிய கட்டங்கள் யாவும் நிரம்பியிருந்தன. அவள் கையொப்பமும் இருந்தது.

இளைஞர் நெடுநேரம் அந்தக் கையொப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைப்பற்றி ஒரு நாளும் அவள் சொல்லவில்லையே, ஐயா" என்றார். நீர் கேட்டீரா என்று நாம் வினவவில்லை. முதலாளியிடம் வேலைச் சான்று வாங்கத் திங்களன்று அரைநாள் விடுப்பு வேண்டும் என்று சொல்லி, பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.