எண்ணும் பொறுப்பும்

விமானமொன்றின் எடையையும் எரிபொருட் கொள்ளளவையும் தரவுப் பட்டியல்களில் தானே தேடிப்பெறும் கருவி இன்று செயற்கை நுண்ணறிவுக்கு வாய்த்துள்ளது. தேடிப்பெறுதல் அறிதலாகுமா?

1983 ஜூலை 23இல் கனடிய போயிங் 767 விமானமொன்று நடுவானில் எரிபொருளின்றித் தவித்தது. வேண்டியிருந்தது 22,300 கிலோகிராம். இருந்ததோ ஏறத்தாழ அத்தனை இறாத்தல், அதாவது பாதிக்கும் குறைவு. லீற்றரொன்றின் எடையெனக் கொண்ட 1.77 பொய்யான எண்ணன்று, இறாத்தலுக்குரியது. கிலோகிராமுக்கு ஏறத்தாழ 0.8 வேண்டும். விமானியும் கணக்கைச் சரிபார்த்தே புறப்பட்டார் என்பதுதான் வேதனை. அவர் இயந்திரமற்ற மிதவை விமானங்களிற் பழகியவர். கிம்லியில் 69 உயிர்களும் தப்பின.

அங்கே பட்டியலைக் குற்றங்கூற இயலாது, பொறுப்பு வினவியவருடையது. இன்று வினவுவதும் இயந்திரமெனின், அதன் விடையை நம்பி விமானத்தை ஏவுபவரே அலகு யாதெனவும் கேட்கக் கடமைப்பட்டவர்.