யாருக்குக் காட்டும் கணக்கு?

ஆடித் தபசுக்குக் கொடியேறியதும் சங்கரன்கோவிலில் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். சங்கரநாராயணர் கோயிலை 101, 501, 1001 முறை சுற்றுவதாக நேர்ந்துகொண்டவர்கள் இடைவிடாமல் நடப்பார்கள். அரியும் அரனும் ஒன்றாய் நின்ற கோலத்தைக் காண ஒற்றைக் காலில் தவமிருந்த கோமதி அம்மனின் கால்வலியைத் தாங்களும் பகிர்ந்துகொள்வதாக ஒரு நம்பிக்கை.

அலுவலகங்களிலும் இப்போது நடைக்கணக்கு வந்துவிட்டது. மணிக்கட்டில் கருவி, கைபேசியில் செயலி, முந்துகிறவருக்குப் பரிசு. சிங்கப்பூரில் 2015இல் அரசே தொடங்கிய நடைச் சவால், நிறுவனங்களுக்கிடையிலான போட்டியாகவும் வளர்ந்தது. தினம் 10,000 அடி என்பது ஏதோ ஆகம விதி போலச் சொல்லப்படுகிறது. 1965இல் ஜப்பானில் ஒரு கருவியை விற்க வந்த எண் அது! சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், 4,400 அடியிலேயே நன்மை தெரிந்தது. சுமார் 7,500க்கு மேல் கூடவில்லை.

பரிசுக்காக நடந்தால் அது நல்ல நடையா? பலனில் பற்று வைக்காதே என்கிறது கீதை. ஆனால் அந்த அளவுகோலோடு கோயில் வாசலில் நின்றால் பாதிப்பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். பிள்ளைவரம், கடன், நோய் என்று ஏதோ ஒன்றை வேண்டித்தான் பலர் சுற்றுகிறார்கள். எண்ணுவதிலும் குற்றமில்லை, உருத்திராட்ச மாலையை உருட்டுவதே எண்ணத்தானே.

வேறுபாடு, கணக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான். நேர்த்திக்கடனைத் தானே வைத்துக்கொண்டவர் இரண்டு சுற்று குறைத்தால், அது அம்மனுக்கும் அவருக்கும் இடையிலான விவகாரம். சம்பளத்தில் யாரும் கைவைக்க முடியாது.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்தது வேறு. உடற்பயிற்சியைக் கண்காணிக்கும் செயலியில் சேராத ஆசிரியர்கள் காப்பீட்டுக்கு மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று திட்டம் வந்தது. 2018இல் அவர்கள் வேலைநிறுத்தத்துக்குக் கிளம்பிய கோபத்தில் இதற்கும் பங்குண்டு. திட்டம் கைவிடப்பட்டது. வற்புறுத்தி வாங்கிய நடையில் உடல் இளைக்கலாம். தவம் என்று அதைச் சொல்ல முடியாது.

இன்னொன்று. சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடங்களில் தறிக்குத் தறி நடந்தே பொழுதைக் கழிப்பவருக்கு எந்தச் செயலியும் பரிசு தருவதில்லை. அவர் கேட்பது உட்கார ஓர் இடம்.

ஊழியர் நடக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கும் நிர்வாகம் வேலை நேரத்திலேயே அரைமணி ஒதுக்கட்டும். கணக்கை அவரிடமே விட்டுவிடட்டும். நிற்கிறவருக்கு நாற்காலி போடட்டும். கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.