ஒளியின் விரைவும் உண்மையின் நிலையும்

காண்பான் வேறுபடக் காட்சியும் வேறுபடுமாகலின், எல்லார்க்கும் பொதுவாகிய உண்மை யென்பதொன்று இல்லை யென்றும், நன்றுந் தீதும் அவரவர் கருத்தளவினவே யென்றும் கூறுவார் பலர். அவர் தம் கூற்றுக்கு, ஐன்ஸ்டைன் என்னும் பேரறிஞர் 1905-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறப்புச் சார்புக் கொள்கையைச் சான்றாகக் காட்டுவர். அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஒளி ஈதர் என்னும் நுண்பொருளில் அலையாய்ச் செல்வதென்றும், பூமி அதனூடே இயங்குதலின் ஒளியின் விரைவு திசைதோறும் வேறுபட்டுக் காணப்படுமென்றும் முன்னையோர் கருதினர். 1887-இல் அமெரிக்க நாட்டுக் கிளீவ்லந்து நகரில் மைக்கெல்சன், மார்லி என்னும் இருவர் நுட்பமான கருவிகொண்டு ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த வேறுபாடு காணப்பட்டிலது. ஐன்ஸ்டைனோ, ஒளியைத் தரும் பொருள் நிற்பினும் ஓடினும், வெற்றிடத்தில் ஒளியின் விரைவு ஒருசீராய் இயங்குவார் எல்லார்க்கும் ஒன்றே யென்பதைத் தம் கொள்கைக்கு அடிப்படையாக்கினார். அவ்விரைவு வினாடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர். விரைவாவது தூரத்தைக் காலத்தால் வகுத்துப் பெறுவது. அது மாறாதாயின், காண்பானுக்கேற்ப மாறுவன தூரமும் காலமுமே யாதல் வேண்டும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். விண்ணினின்று வருங் கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாக்குதலால், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான் என்னும் நுண்துகள்கள் தோன்றுகின்றன. அவற்றின் சராசரி வாழ்நாள், வினாடியைப் பத்திலக்கம் கூறிட்டவற்றுள் 2.2 கூறே. அதற்குள் ஒளியும் 660 மீட்டரளவே செல்லும். ஆயினும் அவற்றுட் பல நிலத்தை அடைகின்றன. இஃதெங்ஙனம் எனின், நம் அளவையில், விரைந்தோடும் துகளின் காலம் மெல்லச் செல்லுதலின் அது நெடிது வாழ்கின்றது. அதனோடு உடன்செல்வான் ஒருவன் உளனாயின், அவனளவையில் வாழ்நாள் நீண்டிலது. கடக்கவேண்டிய தூரமே குறுகிற்று. இருவர் அளவும் வேறு. எனினும், துகள் நிலத்தை அடைந்தது என்பதில் இருவர்க்கும் பிணக்கில்லை. ஓரளவையை மற்றோரளவையாக மாற்றுங் கணக்கும் வரையறுத்துக் கூறப்பட்டுள்ளது. அளவு வேறுபடுதல் அவரவர் இயக்கத்தானேயன்றி விருப்பத்தான் அன்று.

அற்றேல், நன்று தீது இவையென இக்கொள்கை தெளிவிக்குமோ எனின், தெளிவியாது. பௌதிக நூலுக்கு அது பொருளன்று. ஆயினும், பொது உண்மை இல்லை யென்பார்க்கு அது துணையாதல் ஒருவாற்றானும் இயலாது. என்னை? அது மாறாத தொன்றன்மேற் கட்டப்பட்டதாகலின். ஆகவே, பிறரோடு மாறுபடுமிடத்து, அவர் எந்நிலையினின்று அளந்தார் என வினவி, தம்மளவையோடு ஒத்துநோக்குதல் அறிவுடையார் கடனாம். அங்ஙனஞ் செய்யாது, உண்மை அவரவர்க்கு வேறெனக் கூறி ஒழிதல் சோம்பலேயன்றி ஆராய்ச்சியன்று என்க.