கதவடியில் ஒரு தாள்



ஜனவரி மாதக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். 16-ந் தேதி அர்ச். யோசே வாஸ் முனிவருடைய திருநாள். 18-ந் தேதி தொடங்கி 25-ந் தேதி வரையில் கிறிஸ்தவர்களின் ஒற்றுமைக்காக வேண்டிக்கொள்ளும் வாரம். அந்த வாரத்தின் நடுவே 24-ந் தேதி, மேற்றிராணியாரும் வேதபாரகருமான அர்ச். பிரான்சிஸ்கு சலேசியாருடைய திருநாள். ஒன்றையடுத்து ஒன்றாக வரும் இந்நாட்கள் ஒரே கேள்வியை நம்முன் வைக்கின்றன: நம்மை விட்டுப் போனவர்களை எவ்விதம் திரும்ப அழைப்பது?

இது சாஸ்திரம் படித்தவர்களுக்கு மாத்திரம் உரிய கேள்வியல்ல. உங்களில் அநேகருடைய வீட்டுக் கேள்வி. மகன் வேலைக்கென்று பட்டணம் போனான். இரண்டு வருஷமாய்ப் பூசை காணவில்லை, பாஸ்குக்கும் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. மகள் வேறு சபைக்குப் போகிறவரைக் கட்டிக்கொண்டாள். இப்பொழுது வீட்டுக்கு வந்தால் தேவமாதாவின் படத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கூடப்பிறந்தவன் கோயிலில் நடந்த ஒரு தகராறில் வெளியே போனவன். பத்து வருஷமாகியும் கோயில் வாசற்படி மிதிக்கவில்லை. "சாமி, நாங்கள் என்னதான் செய்கிறது?" என்று பெற்றவர்கள் கேட்கிறார்கள்.

ஊரார் சொல்லும் யோசனை இரண்டு. "கண்டித்துத் திருத்து, திருந்தாவிட்டால் வீட்டில் சேர்க்காதே" என்பது ஒன்று. "போகட்டும் விடு, எங்கே போனாலும் ஒரே சாமிதானே" என்பது மற்றொன்று. முன்னது ஆளை விரட்டுகிறது. பின்னது ஆளைக் கைவிடுகிறது. இவ்விரண்டும் அல்லாத வழி ஒன்றுண்டு. அது நெடுநாள் எடுக்கும், பொறுமையைச் சோதிக்கும். ஆயினும் அர்ச்சியசிஷ்டவர்கள் நடந்து காட்டிய வழி அதுவே.

ஜெனிவா ஏரியின் தென்கரையில் ஷப்லே என்றொரு நாடு. அதன் தலைநகர் தோனோன். சவோய் கோமகனுக்கு உரிய அந்நாட்டை 1536-ம் ஆண்டில் பேர்ன் நகரத்தார் படையெடுத்துப் பிடித்து, திவ்விய பலிபூசையை நிறுத்தி, புராட்டஸ்டாண்டு மார்க்கத்தை ஸ்தாபித்தார்கள். பிற்பாடு நாடு கோமகன் கைக்குத் திரும்பியபோதிலும், மக்கள் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார்கள்? இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கு பூசையைக் கண்ணால் கண்டதே கிடையாது.

1594-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், குருப்பட்டம் பெற்று ஒரு வருஷம்கூட நிறையாத பிரான்சிஸ்கு சலேசியார் அந்நாட்டுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. தகப்பனாருக்கு இதில் சம்மதமில்லை. துணைக்கு வந்தவர் உறவினரான லூயி என்னும் குரு ஒருவரே. ஆலேஞ் என்னும் குன்றின்மேலுள்ள கோட்டையில் இராத் தங்கி, பகலில் தோனோனுக்கு நடந்து போய்ப் பிரசங்கம் செய்தார். கேட்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. மற்றவர்கள் வரவில்லை, வர விரும்பினாலும் அயலார் கண்ணுக்கு அஞ்சினார்கள்.

கேட்க வராதவர்களுக்கு எப்படிச் சொல்வது? அவர் பேனாவை எடுத்தார். திருச்சபையின் அதிகாரம், வேதாகமம், அர்ச். இராயப்பருடைய ஸ்தானம், தேவதிரவிய அனுமானங்கள் ஆகிய இவைகளைப் பற்றித் தெளிவாகவும் சுருக்கமாகவும் ஒற்றைத் தாள்களில் எழுதினார். அத்தாள்கள் வீட்டுக் கதவுகளின் அடியில் செருகப்பட்டன. பொது இடங்களில் ஒட்டப்பட்டன. அவர் மரித்து ஐம்பது வருஷமான பிறகு, 1672-ல், அவை ஒரு நூலாக அச்சேறின. 11-ம் பத்திநாதர் 1923-ம் ஆண்டில் அவரைப் பத்திரிகை எழுத்தாளர்களுக்குப் பாதுகாவலராக ஏற்படுத்தினார்.

அந்தத் தாளைக் குறித்துச் சற்று யோசியுங்கள். அது கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. வீட்டுக்காரன் விரும்பினால் எடுக்கலாம். விரும்பாவிட்டால் அடுப்பில் போடலாம். ஒருவரும் பார்க்காதபோது விளக்கடியில் வைத்து வாசிக்கலாம். ஒரு மாதம் மறந்திருந்து மறுபடியும் எடுக்கலாம். சத்தியத்தில் ஒரு எழுத்தும் குறைக்கவில்லை. ஆளை அவமானப்படுத்தவும் இல்லை. முதலில் மனந்திரும்பியவர்களில் ஒரு வழக்கறிஞரும் ஒரு பிரபுவும் உண்டு. இருவரும் நெடுநாள் கேள்வி கேட்டு, ஆராய்ந்து, பிறகே வந்தவர்கள். 1596-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் தோனோன் நகரத்துக் கோயிலில் மறுபடியும் திவ்விய பூசை நடந்தது. ஏறத்தாழ இரண்டேகால் வருஷ உழைப்பு; பலனோ சொற்பமே.

மறு வருஷம், 1597-ல், ஜெனிவாவுக்கே போய், கல்வீனுக்குப் பிறகு தலைமையேற்ற தெயோதோர் பேசா என்பவரைக் கண்டு பேசினார். பேசாவுக்கு அப்போது ஏறக்குறைய 78 வயது. மரியாதையோடு பேசினார்கள், மரியாதையோடு பிரிந்தார்கள். பேசா மனம் மாறவில்லை. மிருதுவாய் நடந்தால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். அர்ச்சியசிஷ்டவருக்கே வராதவர்கள் உண்டு.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நமக்கு இனிமையாக இருக்கும். ஆனால் சரித்திரத்தை உள்ளபடி சொல்லவேண்டும். 1598-ல் கோமகன் முதலாம் கார்லோ எமானுவேல் பரிவாரத்தோடு தோனோனுக்கு வந்தார். நாற்பது மணி ஆராதனை மகிமையாய் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் திருச்சபையில் சேர்ந்தார்கள். மறுத்தவர்களுக்கு மிரட்டலும் நாடுகடத்தலும் காத்திருந்தன. பிரான்சிஸ்கு சலேசியாரும் தம் காலத்து மனிதரே. புராட்டஸ்டாண்டாரை அரசாங்க உத்தியோகங்களிலிருந்து நீக்கவேண்டுமென்று அவரே கோமகனிடம் கேட்டதுண்டு. ஆகவே ஷப்லேயில் இரண்டு கைகள் வேலை செய்தன: தாளை நீட்டிய கை ஒன்று, வாளைப் பிடித்த கை ஒன்று. எந்தக் கை எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று கணக்குப் பார்க்க நம்மால் ஆகாது.

ஆனால் வாள் தனியே வேலை செய்தால் என்ன ஆகுமென்பதற்குச் சாட்சி உண்டு. 1681 முதற்கொண்டு பிரான்சு தேசத்தில் 14-ம் லூயி அரசன் புராட்டஸ்டாண்டு குடும்பங்களின் வீடுகளில் குதிரைப்படை வீரர்களைக் குடியேற்றினான். அவர்கள் தின்று, உடைத்து, வீட்டாரை வதைத்தார்கள். "மனந்திரும்பினேன்" என்று கையெழுத்துப் போட்டால்தான் போவார்கள். ஊர் ஊராகக் கையெழுத்துப் போட்டது. 1685-ல், இனி நாட்டில் புராட்டஸ்டாண்டாரே இல்லையென்று சொல்லி, அவர்களுக்கு 1598 முதல் இருந்துவந்த நாந்து சாசனத்தை ரத்து செய்தான். பலன் என்ன? சுமார் இரண்டு லட்சம் பேர் தேசத்தை விட்டு ஓடினார்கள். தங்கியவர்கள் பகலில் கோயிலுக்கு வந்தார்கள். இரவில் மலையிலும் காட்டிலும் கூடித் தங்கள் சங்கீதத்தைப் பாடினார்கள். 1702-ல் செவேன் மலைநாட்டில் கலகம் மூண்டது. கையெழுத்துக் கிடைத்தது, இருதயம் கிடைக்கவில்லை.

"அது அரசன் செய்த அக்கிரமம், நமக்கென்ன?" என்று கேட்பீர்களோ? நம் வீடுகளிலும் சில சமயம் சிப்பாய்கள் குடியேறுகிறார்கள். "சொத்தில் பங்கு கிடையாது" என்பது ஒரு சிப்பாய். "உன் பிள்ளையின் விசேஷத்துக்கு வரமாட்டோம்" என்பது மற்றொன்று. "நீ செத்தால் நம் கல்லறையில் இடமில்லை" என்பது இன்னொன்று. இவற்றுக்குப் பயந்து பெரிய திருநாளில் கடைசி வரிசையில் வந்து நிற்கிற மகனைப் பார்த்து, ஜெயித்துவிட்டதாக எண்ணாதீர்கள்.

அர்ச். மோனிக்கம்மாளைப் பாருங்கள். மகன் அகுஸ்தீன் மனிக்கேயருடைய தப்பறையில் விழுந்தபோது அந்தத் தாயும் முதலில் நம்மைப்போலவே செய்தாள்: அவனோடு ஒரே பந்தியில் உட்கார மறுத்தாள். பின்பு சர்வேசுரன் ஒரு சொப்பனத்தினால் அவளைத் தேற்றினார். அதன்பின் மகனை மறுபடியும் தன்னோடு உட்கார்ந்து சாப்பிட விட்டாள். மகன் மாறியதனால் அல்ல. அவன் இன்னும் அதே தப்பறையில்தான் இருந்தான். ஒரு மேற்றிராணியாரிடம் போய், "என் மகனோடு வாதாடுங்கள்" என்று மன்றாடினாள். அவரோ, தாமும் சிறுவயதில் அந்த மனிக்கேயரிடம் வளர்ந்தவர், அவர்களுடைய புத்தகங்களை வாசித்துத் தாமாகவே வெளிவந்தவர். ஆகையால் இப்போது வாதாடிப் பயனில்லை, அவனுக்காக வேண்டிக்கொள் என்று சொல்லி அனுப்பினார். வருஷங்கள் ஓடின. 387-ம் ஆண்டு பாஸ்கு இரவில் மிலான் நகரில் அர்ச். அம்புரோசியார் கையால் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அதே வருஷத்தில் தாய் நித்திய இளைப்பாற்றியடைந்தாள்.

அந்த அகுஸ்தீனாரே மேற்றிராணியாரான பிற்பாடு, பிரிந்துபோன தொனாத்து கட்சியாரை அரசாங்கச் சட்டத்தால் நெருக்குவது தகுமென்று எழுதினார். முதலில் கூடாதென்று எண்ணியிருந்தவர், சட்டத்துக்குப் பயந்து பலர் திரும்பியதைக் கண்டு எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அவர் எழுத்தைக் காட்டியே பின்வந்த பலர் பலவந்தத்தை நியாயப்படுத்தினார்கள். நம் காலத்தில் திருச்சபை இதை ஐயமறத் தீர்த்துவைத்திருக்கிறது. 1965-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட சமயச் சுதந்திரத்தைப் பற்றிய அறிக்கையின்படி, விசுவாச காரியத்தில் எந்த மனிதனையும் பலவந்தம் செய்யலாகாது.

வாதமும் கூடாத, தாளும் போகாத இடத்தில் என்ன செய்வது? அதற்கு யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். டச்சுக்காரர் 1658-ல் அப்பட்டணத்தைப் பிடித்தது முதல் கத்தோலிக்கு குருக்களுக்கு அங்கே இடமில்லை. குருவை ஒளித்துவைப்பவனுக்கு மரண தண்டனை. ஏறக்குறைய 30 வருஷம் மேய்ப்பனில்லாமல் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிதறிக் கிடந்தார்கள். 1687-ல் கோவாவிலிருந்து யோசே வாஸ் முனிவர் ஏழை வேஷத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் பிச்சை கேட்டார். ஒரு வார்த்தை பிரசங்கமில்லை. செபமாலையைக் கண்டு எந்த முகம் மலர்கிறது என்று மாத்திரம் பார்த்தார். இவ்விதமாய் மறைந்திருந்த விசுவாசிகளைக் கண்டுபிடித்து, சில்லாலை என்னும் கிராமத்தில் தங்கி, இராக்காலத்தில் பூசை வைத்தார். 1697-ல் கண்டியில் பெரியம்மை வந்து, உறவினரே நோயாளிகளைக் கைவிட்டபோது, எந்த மதத்தார் என்று கேளாமல் அவர்களைக் கழுவி, மருந்திட்டு, உணவூட்டினார். 2015-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் கொழும்பில் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

ஆகவே, பிரியமானவர்களே, மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, போனவர் ஏன் போனார் என்று விசாரியுங்கள். வேத சத்தியத்தில் சந்தேகப்பட்டுப் போனவர் சிலர். அநேகரோ திருவிழா வரித் தகராறிலும், சாதியின் பேரால் பட்ட அவமானத்திலும், துக்க வீட்டில் ஒருவரும் எட்டிப்பாராத மனக்குறையிலும் போனவர்கள். புண்பட்டவனுக்கு ஞானோபதேச விளக்கம் மருந்தாகாது. புண் நம்மால் உண்டானதானால், முதலில் நாம் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். அதற்குப் பிறகே மற்றப் பேச்சு.

இரண்டாவது, பந்தியை நிறுத்தாதீர்கள். மகனோ மகளோ வந்தால் வழக்கம்போல் இலை போடுங்கள். சோற்றுக்கு முன்னால் பிரசங்கம் வேண்டாம். வீட்டுச் செபத்தை அவர்களுக்காக ஒளிக்கவும் வேண்டாம், அவர்களைக் குத்திக்காட்டும்படி நீட்டவும் வேண்டாம். எப்போதும் போல் 53 மணிச் செபத்தைச் சொல்லுங்கள். இருந்தால் இருக்கட்டும், எழுந்து போனால் போகட்டும்.

மூன்றாவது, கேட்கிறவர்களுக்கு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று மழுப்புவது அன்பல்ல. தேவநற்கருணையில் சேசுநாதர் மெய்யாகவே எழுந்தருளியிருக்கிறார் என்று விசுவசிக்கிற நாம், அதை ஒரு சின்ன விஷயம்போல் பேசலாமா? தெரிந்ததைச் சாந்தமாய்ச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் குருவிடம் கேட்டுவந்து சொல்லுங்கள். வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். பிரிந்துபோன சகோதரர்களின் பக்தியைப் பரிகாசம் செய்யாதீர்கள்.

இந்த வாரம் நம் பத்திரிகையில் சில பிரதிகள் அதிகம் அச்சாகியுள்ளன. கோயில் வாசலில் இருக்கும். ஆளுக்கு ஒன்று எடுத்துப்போய், போக மனமிருக்கிற ஒரு வீட்டில் கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டால் கதவடியில் வையுங்கள். "வாசித்தாயா?" என்று கேட்கவேண்டாம்.

இதை யாரோ உங்கள் வீட்டில் வைத்துப்போக, நெடுநாள் கோயிலுக்கு வராத நீங்கள் இதை வாசிக்கிறீர்களானால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை அதட்டுவதற்காக இது வரவில்லை. உங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் தினமும் வேண்டிக்கொள்கிறார். இல்லாவிட்டால் இந்தத் தாள் உங்கள் கைக்கு வந்திராது. சனிக்கிழமை மாலையில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். அதற்கு மனம் ஒவ்வாவிட்டால், அறைவீட்டுக்கு வந்து ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகலாம். உங்கள் குறையை முதலில் நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.

காணாமற்போன ஓர் ஆட்டுக்காக மலையேறிப் போன நல்ல மேய்ப்பர் உங்களையும், உங்கள் வீட்டாரையும், இன்னும் வீடு வந்து சேராத நம்மவர் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக்குரு